அத்தியாயம் 7: ஊருக்கு நல்ல பெயர், ஒன்லைனில் ஒரு பாடநெறி

தமிழ்மொழி மூலம் மக்கள் தொடர்பு கற்பிக்கப் போகிறவர்களுக்கான அத்தியாயம் இது. பன்னிரண்டு முதல் பதினாறு மாணவர், எட்டு வாரம், கைத்தொலைபேசி, சுமாரான இணைய இணைப்பு இருந்தால் தொடங்கிவிடலாம். ஓர் இடத்தைப் பற்றி வெளியார் வைத்திருக்கும் எண்ணத்தைப் பொய் சொல்லாமலும், அங்கே குடியிருப்பவர்களைக் காட்சிப்பொருள் ஆக்காமலும் திருத்த மாணவர் பழகவேண்டும். பயிற்சிக்களமாக வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் எடுத்திருக்கிறேன். இரண்டும் கொழும்புத் தமிழர் நெருக்கமாக வாழும் இடங்கள். ஆனால் ஒன்றின் பெயர் கடைத்தெருவால் வந்தது, மற்றதன் பெயர் கோயில்களாலும் பொலிஸ் செய்திகளாலும் வந்தது.

இந்தப் பாடத்தை நேரில் நடத்துவதைவிட ஒன்லைனில் நடத்துவது நல்லது என்பது என் கட்சி. ஓர் இடத்தின் பெயரைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் அந்த இடத்துக்கு வெளியேதான் இருப்பார்கள். வெள்ளவத்தை என்றால் என்ன என்பதை மட்டக்களப்பிலும் ஹற்றனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்கள் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். கொழும்பில் மண்டபம் எடுத்து வகுப்பு வைத்தால் அவர்கள் வரமாட்டார்கள். ஒன்லைனில் அவர்களே உங்கள் மாணவர்களாக இருப்பார்கள்.

தத்துவம்: இவ்வளவு போதும்

'தேசத்தின் பிராண்ட்' என்ற சிந்தனையை 1996இல் முன்வைத்தவர் சைமன் அன்ஹோல்ட். அவரே பின்னாளில், விளம்பரத்தால் ஒரு நாட்டின் பெயர் மாறாது, அந்த நாடு என்ன செய்கிறது என்பதால்தான் மாறும் என்று மேடைக்கு மேடை சொல்லிவந்தார். இலங்கை மாணவருக்கு இதை விளக்க அதிக நேரம் வேண்டாம். 'எ லாண்ட் லைக் நோ அதர்', 'ஸ்மோல் மிரக்கிள்', 'வொண்டர் ஒஃப் ஏசியா', 2018இல் 'சோ ஸ்ரீலங்கா', 2023இல் 'யு வில் கம் பேக் ஃபோர் மோர்' என்று நம் சுற்றுலாச் சுலோகங்களை வரிசையாகத் திரையில் போடுங்கள். கீழே வருகைக் கணக்கைப் போடுங்கள்: 2018இல் 23 இலட்சத்து 33 ஆயிரம் பேர், 2019இல் 19 இலட்சத்து 13 ஆயிரம், 2020இல் 5 இலட்சத்து 7 ஆயிரம். இந்த இறக்கத்தில் சுலோகத்துக்கு என்ன பங்கு என்று கேளுங்கள். பதில் வரும். தத்துவம் முடிந்தது.

மாணவரைச் சேர்த்தல்

1. அரைவாசிப் பேர் கொழும்பில் இருக்கட்டும். மற்ற அரைவாசி வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கட்டும்.
2. உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் என்று இணையாக்குங்கள். உள்ளே இருப்பவர் நடப்பார், படம் எடுப்பார், கேட்பார். வெளியே இருப்பவர் தொலைபேசியில் பேட்டி எடுப்பார், பழைய செய்திகளைத் தேடுவார், எழுதியதை வெட்டித் திருத்துவார்.
3. வெள்ளவத்தையில் சிங்களவரும் முஸ்லிம்களும் தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவராவது வகுப்பில் இருக்கவேண்டும். கிடைக்காவிட்டால் இரண்டாம் வாரத்துக்கு விருந்தினராக அழையுங்கள்.
4. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைக் களவேலைக்கு அனுப்பவேண்டாம்.

குறிப்பு: சனிக்கிழமை மாலை 7.30 நல்ல நேரம். கோடைகாலத்தில் அப்போது இலண்டனில் பிற்பகல் 3 மணி, ரொறன்ரோவில் காலை 10 மணி. குளிர்காலத்தில் இரண்டு இடத்திலும் ஒரு மணித்தியாலம் முந்தும். இதை அட்டவணையிலேயே எழுதிவிட்டால் நவம்பரில் அரைவாசி வகுப்பு காணாமற்போகாது.

கருவிகள்

ஸூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். அதைக் குறையாக எடுக்காமல் நேரடி வகுப்பை 35 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள். விரிவுரையை நேரடி வகுப்பில் செய்யவே வேண்டாம். பத்து நிமிடக் குரல் பதிவாக முன்கூட்டியே வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, வகுப்பில் மாணவரின் வேலையை மட்டும் பிரித்துப் பாருங்கள். வீடியோவைவிடக் குரல் பதிவுக்கு டேட்டா மிகக் குறைவாகத்தான் போகும். பஸ்ஸிலும் கேட்கலாம்.

மூன்று ஏற்பாடு கட்டாயம்:

1. எல்லா மாணவரின் தொலைபேசி இலக்கமும் தாளில் எழுதி உங்கள் மேசையில் இருக்கட்டும்.
2. எஸ்.எம்.எஸ். சங்கிலி ஒன்று அமையுங்கள். நீங்கள் நால்வருக்கு, அவர்கள் ஒவ்வொருவரும் மூவருக்கு.
3. மின்வெட்டு வந்தால் வகுப்பு எந்த நாளுக்கு மாறும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இது வீண் பயம் என்று நினைப்பவர்கள் 2022 மார்ச் இறுதியை நினைத்துப் பார்க்கலாம். நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. சமூக ஊடகங்களை அரசு முடக்கியது 2018 மார்ச்சில், 2019 ஏப்ரலில், 2022 ஏப்ரலில். வட்ஸ்அப்பை மட்டும் நம்பி நடத்தும் பாடம் இந்த நாட்டில் எந்த வாரமும் நின்றுபோகலாம்.

முதல் வாரம்: அறுபது விநாடி

எதையும் வாசிக்கவோ தேடவோ கொடுக்காமல், ஒவ்வொருவரும் அறுபது விநாடிக் குரல் பதிவு அனுப்பட்டும். கேள்வி: "வெள்ளவத்தை என்றதும் முதலில் என்ன நினைவு வருகிறது? கொட்டாஞ்சேனை என்றதும்?"

வரும் பதில்களைத் திருத்தாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவருக்குக் கலியாணச் சேலை எடுத்த கடை நினைவு வரலாம், அல்லது விசாவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த விடுதி அறை. மலையகத்தில் இருப்பவருக்குக் கடையில் வேலைக்கு வந்த அண்ணன். அங்கேயே குடியிருப்பவருக்கு வாகனம் நிறுத்த இடமில்லாத ஒழுங்கை. எல்லாவற்றையும் ஒரே தாளில் இரண்டு நிரலாக எழுதுங்கள்: உள்ளே இருப்பவர் சொன்னது, வெளியே இருப்பவர் சொன்னது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அடுத்த ஏழு வாரத்தின் வேலை. இந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். எட்டாம் வாரம் மறுபடி வேண்டும்.

இந்த வாரத்தின் முடிவில் வகுப்பு ஒரு பகுதியைத் தெரிவு செய்யவேண்டும். இரண்டையும் எடுத்தால் இரண்டும் அரைகுறையாக முடியும்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: நடத்தலும் கேட்டலும்

பாடநெறியில் கனமான பகுதி இது. இரண்டு வாரத்தை ஒன்றாகச் சுருக்கும் ஆசை வரும். இடம் கொடுக்காதீர்கள்.

வெள்ளவத்தை நடை:

1. ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். கடல், ரயில் பாதை, மரைன் டிரைவ் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்.
2. ஏதாவது ஓர் ஒழுங்கை வழியாகக் காலி வீதிக்கு ஏறுங்கள். தனி வீடு எத்தனை, தொடர்மாடி எத்தனை என்று எண்ணுங்கள்.
3. காலி வீதியில் இருபது கடைப் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள். எந்த மொழி மேலே, எந்த மொழி பெரிதாக? எழுத்துப்பிழையோடு இருப்பது எந்த மொழியில்?
4. சந்தைக்குள் போங்கள். முருங்கைக்காய், ஒடியல், பனங்கட்டி, கருவாடு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று விற்பவரிடமே கேளுங்கள்.
5. 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1942இல் தொடங்கியது. அங்கே நூலகம் உண்டு. அந்த வாரம் என்ன கூட்டம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.
6. மாலையில் யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்கள் புறப்படும் இடத்தில் சற்று நேரம் நில்லுங்கள். ஆட்களைவிடப் பொதிகளைக் கவனியுங்கள். யார் யாருக்கு என்ன அனுப்புகிறார்கள் என்பதில் இந்த இடத்தின் உறவுகள் அப்படியே தெரியும்.

கொட்டாஞ்சேனை நடையைச் செவ்வாய்க்கிழமை வையுங்கள். கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்தில் அன்று கூட்டம் அதிகம். கத்தோலிக்கர் மட்டும் வருவதில்லை. சைவர்களும் பௌத்தர்களும் வருவார்கள். அங்கிருந்து சேர். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் மறுபடி கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் ஆலயத்துக்கு நடந்து போகலாம். பிறகு புனித லூசியா பேராலயம், ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கிய வுல்பெண்டால் தேவாலயம், தீபதுத்தாராம விகாரை. ஒரு காலைப்பொழுதில் நடந்து முடிக்கக்கூடிய தூரத்துக்குள் இவ்வளவும் இருக்கின்றன என்பதை மாணவர் காலால் அறியவேண்டும். வரைபடத்தில் பார்த்தால் உறைக்காது.

அதே கொட்டாஞ்சேனையில்தான் 1883இல் உயிர்த்த ஞாயிறு அன்று பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையில் கலவரம் நடந்தது. 'மத நல்லிணக்கத்தின் தாயகம்' என்று எழுதத் துடிக்கும் மாணவருக்கு இதைச் சொல்லுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வாழ்வது ஒரு நாளும் தானாக நடந்ததில்லை என்று எழுதினால் அந்த இடத்தின் மரியாதை குறையாது, கூடும்.

கேட்க வேண்டிய கேள்விகள்:

1. "சொந்தக்காரர் வந்தால் இங்கே எங்கே கூட்டிப் போவீர்கள்? எங்கே கூட்டிப் போகமாட்டீர்கள்?"
2. "வெளி ஆட்கள் இந்த இடத்தைப் பற்றிச் சொல்வதில் எது உங்களுக்குக் கோபம் வரும்?"
3. "பிள்ளைக்கு வரன் பார்க்கும்போதோ வேலைக்கு விண்ணப்பிக்கும்போதோ கொட்டாஞ்சேனை, கொழும்பு 13 என்று முகவரி போட்டால் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா?"

மூன்றாவது கேள்வியை விடாதீர்கள். மற்றக் கேள்விகளுக்கு மரியாதைக்குப் பதில் சொல்பவர்கள் இதற்கு உண்மையைச் சொல்வார்கள்.

குறிப்பு: கடைக்காரரிடம் வியாபார நேரத்தில் கேட்கவேண்டாம். பிற்பகல் இரண்டுக்கும் நாலுக்கும் இடையில் போய், ஏதாவது வாங்கிவிட்டு, "ஐயா, படிக்கிற பிள்ளை, ஒரு ஐந்து நிமிசம் கதைக்கலாமா?" என்று தொடங்கட்டும். 'நேர்காணல்' என்று சொன்ன உடனே பலர் முதலாளியைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

நான்காம் வாரம்: உண்மைத் தாள்

கேட்டதையும் பார்த்ததையும் கொண்டு ஒவ்வொரு இணையும் ஒரு பக்க உண்மைத் தாள் தயாரிக்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்றில் ஒன்று எழுதவேண்டும்: 'நான் பார்த்தேன்', 'இன்னார் சொன்னார்', 'ஆவணத்தில் உள்ளது'. மூன்றும் இல்லாத வரி வெட்டுப்படும். குப்பை எடுக்கும் நேர அட்டவணை, வடிகால் வேலை, வீதி விளக்கு பற்றிய விபரங்களை மாநகர சபையிடமிருந்து 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். பதில் பாடநெறி முடிவதற்குள் வராமற்போகலாம். ஆனாலும் விண்ணப்பம் எழுதிப் பழகுவதே பாதிப் பாடம்.

ஐந்தாம் வாரம்: எழுதுதல்

முதல் வரைவு எப்படி வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம்:

"பாரம்பரியமும் நவீனமும் கைகோர்க்கும், பல்லின மக்களின் சங்கமமாகத் திகழும் கொட்டாஞ்சேனை, காண்போர் மனதைக் கொள்ளை கொள்ளும் சொர்க்கபூமி."

இதை வகுப்பில் எல்லார் முன்னும் திட்டவேண்டாம். ஒரு சோதனை மட்டும் செய்யச் சொல்லுங்கள்: 'கொட்டாஞ்சேனை' என்ற பெயரை எடுத்துவிட்டு 'மட்டக்குளி' என்று போடுங்கள். அப்போதும் வசனம் பொருந்தினால் அது எந்த ஊரையும் பற்றியதல்ல. திருத்திய வரைவு இப்படி இருக்கலாம்:

"செவ்வாய்க்கிழமை காலை கொச்சிக்கடைக்கு வாருங்கள். அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றும் வரிசையில் திருநீறு பூசிய நெற்றிகளையும் காண்பீர்கள். அங்கிருந்து நடந்தே பொன்னம்பலவாணேசர் ஆலயத்தின் கருங்கல் மண்டபத்துக்குப் போகலாம்."

வாசகருக்கு நாள் தெரிகிறது, வழி தெரிகிறது. மனதைக் கொள்ளை கொள்வதை அவரே பார்த்துக்கொள்வார்.

வெள்ளவத்தைக்குச் சூட்டும் 'குட்டி யாழ்ப்பாணம்' என்ற பட்டத்தை என்ன செய்வது? வெள்ளவத்தையை எடுத்த வகுப்பில் இந்தச் சண்டை வந்தே தீரும். வரவிடுங்கள். பட்டம் கடைக்காரருக்கு உதவும், வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு வழிகாட்டும். அதே பட்டத்துக்குள் மலையகத்தாரும் முஸ்லிம்களும் சிங்களக் குடும்பங்களும் மறைந்துபோவார்கள். என் வழக்கம்: யாராவது பேட்டியில் சொன்னால் அவர் வாயால் வரட்டும், நம் வாயால் தலைப்பில் போடுவதில்லை.

பத்திரிகைக் குறிப்பு அனுப்பும் ஒழுங்கு:

1. 250 சொல்லுக்குள் நிறுத்துங்கள். முதல் வரியில் யார், எங்கே, எப்போது.
2. யூனிகோடில் தட்டெழுதுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்ததை மின்னஞ்சலில் ஒட்டினால் மறுபக்கத்தில் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். பாமினியில் மட்டுமே தட்டெழுதத் தெரிந்தவர் மாற்றியைப் பயன்படுத்தி, மாற்றிய பிறகு கொம்புகளையும் புள்ளிகளையும் ஒருமுறை சரிபார்க்கவேண்டும்.
3. செய்தியை மின்னஞ்சலின் உடலிலேயே ஒட்டுங்கள். கோப்பைக் கூடவே இணையுங்கள்.
4. படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி அச்சுக்கு உதவாது.
5. வீரகேசரி, தினகரன், தினக்குரல் போன்ற நாளேடுகளுக்குத் தனித்தனியாக அனுப்புங்கள். ஒரே மின்னஞ்சலில் எல்லா முகவரியையும் வரிசையாகப் போட்டால் யாருக்கும் அது தன் செய்தியாகத் தோன்றாது.
6. சிங்களப் பதிப்பைத் தமிழிலிருந்து இயந்திரத்தால் மொழிபெயர்க்கவேண்டாம். அந்தப் பகுதியில் வாழும் சிங்களவர் ஒருவரிடம் விடயத்தைச் சொல்லி, அவரே புதிதாக எழுதட்டும்.

ஆறாம் வாரம்: கெட்ட நாள்

நல்ல நாளில் எழுதுவதை யாரும் பழகிவிடுவார்கள். பெயர் உடைவதும் நிமிர்வதும் கெட்ட நாளில்.

கொட்டாஞ்சேனைக்குத் துப்பாக்கிச் சூட்டுச் செய்திகளால் ஒரு பெயர் இருக்கிறது. அதை மறைக்கும் குறிப்பை எழுதினால் அடுத்த செய்தி வரும்வரைதான் அது நிற்கும். நியூயோர்க் கதையை இங்கே சொல்லலாம். 1975இல் அந்த நகரத்துப் பொலிஸ் தொழிற்சங்கங்களே, பயணிகளுக்கு 'அச்ச நகரத்துக்கு நல்வரவு' என்று துண்டுப்பிரசுரம் அச்சிட்டன. 1977இல் வடிவமைப்பாளர் மில்டன் கிளேசர் வரைந்த 'ஐ லவ் நியூயோர்க்' இதயச் சின்னம் வந்தது. இன்றும் பனியன்களில் பார்க்கிறோம். சின்னம் வந்த அன்றே நகரத்தில் குற்றம் குறைந்துவிடவில்லை, அதற்குப் பல வருடம் எடுத்தது. சின்னம் செய்தது வேறு: அங்கே வாழ்கிறவர்கள் தங்கள் ஊரை விட்டுக்கொடுக்கவில்லை என்று சொன்னது. கொட்டாஞ்சேனை மாணவரும் அதையே செய்யலாம். குற்றத்தைப் பற்றிப் பொலிஸ் பேசட்டும். அந்த வீதியில் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளையும், இரவில் கடை பூட்டுபவரையும் பற்றி மாணவர் பேசட்டும்.

பெரிய பயிற்சி 2019 ஏப்ரல் 21. அன்று காலை கொச்சிக்கடை ஆலயத்தில் திருப்பலி நேரத்தில் குண்டு வெடித்தது. அன்றே பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. தடை நீங்கியது 30ஆம் திகதி. அன்று நாட்டின் பல இடங்களில் நடந்த தாக்குதல்களில் இறந்தோர் மொத்தத் தொகை 359 என்று அறிவிக்கப்பட்டது, 25ஆம் திகதி சுகாதார அமைச்சு அதைச் சுமார் 253 என்று குறைத்தது. அதே நாளில் பொலிஸார் வெளியிட்ட தேடப்படுவோர் படங்களில் சம்பந்தமே இல்லாத அமெரிக்க மாணவி ஒருவரின் படமும் இருந்தது. பின்னர் வருத்தம் தெரிவித்தார்கள். அரசிடமே இவ்வளவு தடுமாற்றம் என்றால், ஊர்ச் சங்கத்தின் பக்கத்தை நடத்தும் இருபது வயதுப் பிள்ளை எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும்?

பயிற்சியை இப்படி நடத்துங்கள். சம்பவம் கற்பனை: மழையில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தின் பகுதி இடிந்து விழுகிறது. நேரம் இரவு 8 மணி.

1. முதல் மணித்தியாலம்: பக்கத்தில் எதையும் போடாதீர்கள், ஒரே ஒரு வரியைத் தவிர. "சம்பவம் நடந்தது தெரியும். உதவிக்கு இந்த இலக்கம். உறுதியான தகவல் வந்ததும் சொல்வோம்."
2. எண்ணிக்கை சொல்லவேண்டாம். யார் கேட்டாலும் "வைத்தியசாலை சொல்லும்" என்பதே பதில்.
3. பேச ஒருவரை மட்டும் நியமியுங்கள். மற்றவர்கள் அவர் இலக்கத்தைக் கொடுக்கட்டும்.
4. இணையம் முடங்கினால்? இப்போது மாணவர் எல்லோரும் வட்ஸ்அப்பை மூடிவிட்டு எஸ்.எம்.எஸ். சங்கிலியால் மட்டும் அடுத்த முப்பது நிமிடம் வேலை செய்யவேண்டும். எங்கே அறுகிறது என்று பாருங்கள். அறாமல் போன வகுப்பை நான் கண்டதில்லை.
5. மறுநாள் காலை: வெளியூர் மாணவர் பத்திரிகையாளராக நடித்து, கொழும்பு மாணவரிடம் கடினமான கேள்விகளைக் கேட்கட்டும். "அந்தக் கட்டடம் சட்டவிரோதமாகக் கட்டியதா?" என்ற கேள்விக்கு "தெரியாது, தெரிந்தவர் இன்னார்" என்று சொல்லத் தெரிந்தவர் தேறினார்.

ஒன்றை எழுதியே ஒட்டிவையுங்கள்: துயரத்தைச் சுற்றுலாச் சரக்காக்கக் கூடாது. கொச்சிக்கடை ஆலயம் அதே ஆண்டு யூன் 13 திருநாளுக்கு முன் மறுபடி திறந்தது. அதைச் செய்தியாக எழுதலாம். 'மீண்டெழுந்த கொட்டாஞ்சேனைக்கு வாருங்கள்' என்று அழைப்பாக எழுதினால், பிள்ளையைப் பறிகொடுத்த வீடு அடுத்த ஒழுங்கையில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டோம் என்றுதான் பொருள்.

வெள்ளவத்தை வகுப்புக்கு ஓர் எச்சரிக்கை

1983 யூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள், மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. இந்த நினைவுகள் முதல் வாரக் குரல் பதிவிலேயே வரும். வந்தால் தள்ளிவிட்டுப் பாடத்துக்குப் போகாதீர்கள். ஆனால் பதிவை நிறுத்துங்கள். யாருடைய குடும்பத்துக்கு என்ன நடந்தது என்பது பயிற்சிப் பொருளாக இணையத்தில் சுற்றவேண்டிய விடயமல்ல. மாணவர் விரும்பினால் தனிக் கட்டுரையாக எழுதட்டும், வெளியிடுவது அவர் முடிவு.

பாதுகாப்பு

1. வெள்ளவத்தையில் ரயில் பாதையின் மேல் நின்று படம் எடுப்பதை முழுதாகத் தடை செய்யுங்கள். கடல் பின்னணிக்காக ஆசைப்படுவார்கள். அலைச் சத்தத்தில் ரயில் வரும் சத்தம் கேட்காது.
2. துறைமுகம், சோதனைச் சாவடி, சீருடையில் இருப்பவர்கள்: கமெரா வேண்டாம். கொட்டாஞ்சேனை துறைமுகத்துக்குப் பக்கம் என்பதால் தற்செயலாகவும் படத்தில் விழும்.
3. ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். இந்தப் பாடத்துக்கு ட்ரோன் தேவையே இல்லை.
4. முகம் தெரியும் படத்துக்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளையும் வாசித்துப் புரியும் தமிழில் இரண்டு வரி போதும். 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.
5. 2024ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும், சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான 2007ஆம் ஆண்டு 56ஆம் இலக்கச் சட்டமும் மாணவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். பின்னதின் 3ஆம் பிரிவின் கீழ், 2019இல் பேஸ்புக்கில் சிறுகதை போட்ட ஒரு சிங்கள எழுத்தாளரைக் கைது செய்தார்கள். மதத் தலங்களைப் பற்றிய எந்தப் பதிவும் இரண்டாவது கண் பார்க்காமல் வெளியே போகக்கூடாது.
6. பெண் மாணவர் தனியாகக் களத்துக்குப் போகவேண்டாம். ஆண் மாணவரும்தான்.

வழமையான பிழைகள்

முதலாவது, கடைக்காரர் ஒருவர் குளிர்பானம் கொடுத்துவிட்டு "தம்பி, எங்கட கடையையும் போடுங்கோ" என்பார். மாணவர் போட்டுவிடுவார். அது விளம்பரம். பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் 'இது விளம்பரம்' என்று எழுதவேண்டும், அல்லது போடக்கூடாது.

இரண்டாவது, எல்லா மாணவரும் முதல் வாரத்திலேயே பக்கம் தொடங்கிவிடுவார்கள். ஒரே பகுதிக்கு ஆறு பேஸ்புக் பக்கம், ஆறிலும் நாற்பது பின்தொடர்பவர், அதில் முப்பது பேர் வகுப்பு நண்பர்கள். ஆறாம் வாரத்துக்கு முன் எந்தப் பக்கமும் திறக்கக்கூடாது என்று விதி வையுங்கள்.

மூன்றாவது ஆசிரியரின் பிழை. கமெராவைக் கட்டாயமாக்குவது. ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து சேரும் மாணவர், தன் சுவரைக் காட்ட விரும்பாமலே வகுப்பை விட்டுவிடுவார். ஓர் இடத்தின் பெயரைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டு மாணவரின் முகவரிக்கு வெட்கம் உண்டாக்குவது அழகல்ல.

ஏழாம், எட்டாம் வாரம்

ஏழாம் வாரம் வெளியீடு. ஒரு பத்திரிகைக் குறிப்பு, ஒரு நடைவழி வரைபடம், மூன்று குறும்பேட்டிகள். இதற்கு மேல் வேண்டாம்.

எட்டாம் வாரம் மதிப்பீடு. எத்தனை 'லைக்' வந்தது, பத்திரிகையில் வந்த இடத்தை விளம்பரமாக வாங்கினால் எவ்வளவு காசு என்ற கணக்குகளைத் தள்ளிவையுங்கள். மக்கள் தொடர்புத் துறையினரே 2010இல் பார்சிலோனாவில் கூடி, அந்தக் காசுக் கணக்கு மக்கள் தொடர்பின் பெறுமதியைக் காட்டாது என்று ஒப்புக்கொண்டார்கள். பதிலாக:

1. முதல் வாரத் தாளை எடுங்கள்.
2. மாணவரல்லாத, பகுதிக்கு வெளியே இருக்கும் இருபது பேரிடம் அதே அறுபது விநாடிக் கேள்வியைக் கேளுங்கள். பத்துப் பேர் வெளியீட்டைப் பார்த்தவர்கள், பத்துப் பேர் பார்க்காதவர்கள்.
3. இரண்டு பதில் தொகுதிகளையும் அந்தத் தாளோடு பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். புதிதாக ஓர் இடப்பெயரோ ஒரு மனிதரோ பதிலில் நுழைந்திருந்தால் அது வெற்றி. 'நல்ல இடம்' என்ற சொல் கூடியிருப்பதற்கு மதிப்பெண் இல்லை.
4. வெளியிட்ட பத்திரிகைக் குறிப்பைப் பேட்டி கொடுத்தவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். "இது எங்கட இடம்தான்" என்று அவர்கள் சொல்லாவிட்டால் பார்த்தவர் எண்ணிக்கை எவ்வளவு கூடினாலும் தேர்ச்சி இல்லை.

கடைசி வகுப்பில் மூன்று வேலை. பக்கத்தின் கடவுச்சொல்லை அந்தப் பகுதியில் தொடர்ந்து நடத்தக்கூடிய ஒரு நூலகத்துக்கோ ஆலய சபைக்கோ வாசகர் வட்டத்துக்கோ எழுத்தில் ஒப்படையுங்கள். எடுப்பவர் இல்லாவிட்டால் பக்கத்தை மூடுங்கள். மூச்சில்லாத பக்கம் கிடப்பது இடத்துக்கே கெட்ட பெயர். பேட்டி ஒலிப்பதிவுகளின் பிரதியைப் பேட்டி கொடுத்தவர்களுக்குக் கொடுங்கள். பிறகு தொலைபேசி இலக்கப் பட்டியலையும், பயன்படுத்தாத படங்களையும், வகுப்புப் பதிவுகளையும் எல்லோரும் திரையைப் பகிர்ந்து ஒரே நேரத்தில் அழியுங்கள். குப்பைத்தொட்டிக் கோப்புறையைக் காலி செய்ய மறக்காதீர்கள், கூகுள் டிரைவில் அது முப்பது நாள் இருக்கும்.